கரி, உப்பு, பீங்கான்

விருத்தாசலத்தில் ஆனந்தராஜ் வயரிங் செய்த வீடு என்றால் கண்ணை மூடிக்கொண்டு பால் காய்ச்சலாம் என்பார்கள். பத்து வருஷம் ஆனாலும் ஒரு சுவிட்ச் தீயாது, ஒரு ஒயர் உருகாது. எந்த அறையில் எது கைக்கு வாகாக இருக்கும் என்று வீட்டுக்காரம்மாவைக் கேட்டுத்தான் சுவிட்ச் பெட்டி பதிப்பார்கள். இத்தனை பேரும் புகழும் உள்ள ஆனந்தராஜ், கடந்த ஏழு வருஷமாக ஒரு ஸ்டூலில்கூட ஏறியதில்லை.

பெண்ணாடத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு விசிறி மாட்டப் போனவர் ஏணியோடு சாய்ந்தார். இடுப்பில் பிளேட் வைத்து, கையில் ஊன்றுகோலைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றிலிருந்து சுவரைக் குடைவது, பைப்பில் ஒயர் இழுப்பது, மீட்டர் பெட்டி பொருத்துவது எல்லாமே அவர் மனைவி பானுமதிதான். ஊருக்கு இது தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதைதான். மறைக்கிறவருக்கும் தெரியும், சாப்பிடுகிறவர்களுக்கும் தெரியும், ஆனால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

காலையில் பானுமதி மொபெட்டை ஓட்டுவாள். முன்னால் சாமான் பை, பின்னால் ஆனந்தராஜும் ஊன்றுகோலும். வேலை நடக்கிற வீட்டில் கூடத்துக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக்கொண்டு அவர் உட்கார்ந்துவிடுவார். முதல் இரண்டு வருஷம் கீழே இருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். மூன்றாம் வருஷம் அவர் சொல்வதற்கு முன்னால் அவள் செய்து முடித்துவிட்டாள். அப்புறம் பேப்பர் படிக்க ஆரம்பித்தார். வீட்டுக்காரர் வந்து, “இன்னா ஆனந்தராஜ், எப்ப முடியும்?” என்று கேட்டால், அவர் நிமிர்ந்து ஏணியைப் பார்ப்பார். மேலே பானுமதி இரண்டு விரலைக் காட்டுவாள். “ரெண்டு நாளுங்க” என்பார் இவர், ஏதோ தானே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்த மாதிரி.

சிரிக்காதீர்கள். அந்த மனிதருக்கு வேறு வழி இல்லை. வயர்மேனுக்கான கம்பியாள் தகுதிச் சான்றிதழ் அவர் பெயரில்தான் இருந்தது. வீட்டுக்கு மின் இணைப்பு வேண்டுமென்றால், வேலையைச் சான்றிதழ் உள்ள ஆள் செய்திருக்க வேண்டும், லைசென்ஸ் உள்ள ஒப்பந்தக்காரர் அதைச் சோதித்து டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட வேண்டும். ஆனந்தராஜ் பெயர் உள்ளவரைதான் பானுமதியின் கைக்கு வேலை. அந்த இடுப்போ போன தை மாசத்திலிருந்து மறுபடியும் வலிக்க ஆரம்பித்திருந்தது. இன்னொரு ஆபரேஷன் என்றார் டாக்டர். அதற்கப்புறம் நாற்காலிக்காவது வர முடியுமா என்பதற்கு அவர் உறுதி தரவில்லை.

அதே மாசம் ஒரு மீட்டர் விஷயமாகக் கரண்ட் ஆபீசுக்குப் போனாள் பானுமதி. அங்கே இருந்தவர் கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே, “வூட்டுக்காரரை வரச் சொல்லும்மா” என்றார். அந்த மீட்டர் பெட்டியைப் பொருத்தியவளே எதிரில் நிற்கிறாள். சொல்ல முடியவில்லை. சொன்னால் புருஷன் சான்றிதழுக்கு ஆபத்து. “சரிங்க” என்று திரும்பி வந்தவள், வீட்டில் காலைக் கழுவும்போதே முடிவு செய்துவிட்டாள், தன் பெயரில் ஒரு சான்றிதழ் வாங்கியே தீருவது என்று.

மின்கம்பி உதவியாளர் தேர்வு என்று ஒன்று உண்டு. ஒன்பதாம் வகுப்போடு நின்ற பானுமதியும் எழுதலாம். ஆனால் ஐந்து வருஷம் வேலை செய்த அனுபவத்துக்குக் கடிதம் வேண்டும், அதை லைசென்ஸ் உள்ளவர் தர வேண்டும். பாலக்கரையில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் பிரபாகரன்தான் அவர்களுடைய ஒப்பந்தக்காரர். நல்ல மனிதர். அவருக்குத் தெரிந்த ஒரே கெட்ட பழக்கம், பார்க்காமல் கையெழுத்துப் போடுவது.

“எழுதித் தரேம்மா, அதுக்கென்ன?” என்றார் அவர். “ஆனந்தராஜுக்குக் கீழ அஞ்சு வருசம் உதவியாளா இருந்தாங்கன்னு எழுதிடறேன்.”

“கீழ உக்காந்திருந்தது அவருண்ணே. நான் மேலதான் இருந்தேன்.”

பிரபாகரன் கடை அதிரச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, “இதை வெளியில சொல்லிடாத. நீ ஏணி ஏறுனேன்னு எழுதுனா, அவுரு ஏறலைன்னு ஆயிடும். அப்புறம் அவுரு சர்டிபிகேட்டுக்கு இன்னா மரியாத?” என்றார். நியாயம்தான். தான் வேலை செய்தேன் என்று நிரூபிக்க, தான் செய்யவில்லை என்று கொஞ்சம் பொய் சொல்ல வேண்டியிருந்தது. உதவியாளர் என்றே வாங்கிக்கொண்டாள்.

நாற்பத்திரண்டு வயதில் படிப்பது விளையாட்டா? பிளஸ் ஒன் படிக்கும் மகள் வெண்பா, சமையலறையில் நின்று புத்தகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்பாள். பானுமதி வெங்காயம் நறுக்கிக்கொண்டே பதில் சொல்வாள். ஓம் விதி வரும்போது மட்டும் கத்தி நின்றுவிடும். ஆனந்தராஜ் உள்ளேயிருந்து சத்தம் கொடுப்பார். சில சமயம் சரியாக, பல சமயம் தப்பாக. “நீங்க சும்மா இருங்கப்பா” என்பாள் மகள்.

சித்திரை வெயிலில் கடலூர் ஐ.டி.ஐ.யில் தேர்வு நடந்தது. செய்முறைத் தேர்வுக்கு அவளோடு நின்ற பதினெட்டுப் பேரும் ஆண்கள். மாடிப்படி விளக்குக்கு இரண்டு பக்கமும் சுவிட்ச் வைக்கச் சொன்னார்கள். பக்கத்தில் இருந்தவர் ஒயரின் தோலை உரித்து முடிப்பதற்குள் இவள் விளக்கை எரியவிட்டாள். அப்புறம் எர்த் டெஸ்டர் என்ற கருவியைக் காட்டினார்கள். பூமிக்குள் கரண்ட் ஒழுங்காக இறங்குகிறதா என்று எண்ணால் சொல்கிற கருவி. பதினைந்து வருஷம் கணவரோடு கூட மாட, ஏழு வருஷம் தனியாக, இத்தனைக்கும் அவள் அதைத் தொட்டுப் பார்த்ததில்லை. அவர்கள் வழக்கம் வேறு. குழியை மூடியதும் ஒரு குண்டு பல்பை வைத்துப் பார்ப்பார்கள், எரிந்தால் வேலை முடிந்தது.

வாய்மொழிக் கேள்விக்குத் தேர்வாளர் ஒரு வயசான பொறியாளர். சிரித்த முகம்.

“எர்த் குழியில என்னம்மா போடுவீங்க?”

“குழாயை நிறுத்தி, சுத்தி கரி ஒரு அடுக்கு, உப்பு ஒரு அடுக்குங்க. மேல தண்ணி ஊத்துவோம்.”

“அப்புறம்?”

“தோண்டின மண்ணையே தள்ளி மூடிடுவோம்.”

“எந்த ஊரு?”

“விருத்தாசலங்க.”

“உங்க ஊருல தோண்டுனா மண்ணா வருது? பீங்கான் பொம்மைத் தலையில்ல வரும்!”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பானுமதியும் சிரித்தாள். பாதிச் சிரிப்பிலேயே நிறுத்திவிட்டாள். தேர்வாளர் மதிப்பெண் போட்டுவிட்டு, “நல்லா பண்ணியிருக்கீங்க, பயப்படாம போங்க” என்று அனுப்பினார். அவள் பயந்தது தேர்வுக்கு அல்ல என்று அவருக்கு எப்படித் தெரியும்?

திரும்பும் வழியில் வடலூர், நெய்வேலி என்று பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. அவள் கண்ணுக்குள் திரௌபதியின் வீடு நின்றது. ஊரின் பீங்கான் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு தாழ்ந்த நிலம். அதில் மனை போட்டு ‘பொன்னிதழ் நகர்’ என்று போர்டு வைத்தார்கள். பள்ளத்தைத் தூர்க்க எங்கிருந்தோ மண் அடிப்பானேன்? பீங்கான் கம்பெனிகளில் உடைந்ததும் கோணியதும் மலை மாதிரி கிடக்கிறது. லாரி லாரியாகக் கொட்டி, மேலே ஒரு முழம் செம்மண்ணைப் பரப்பி மூடினார்கள். ஊர் அதற்குச் சில்லு நகர் என்று பெயர் வைத்தது. காலேஜ் ரோட்டில் இட்லிக் கடை நடத்தும் திரௌபதி, மாவாட்டி மாவாட்டிச் சேர்த்த காசில் அங்கே இரண்டு அறை கட்டினாள். நாலு வருஷத்துக்கு முன்னால் வயரிங் செய்தது பானுமதி.

எர்த் குழி தோண்டும்போது கடப்பாரை ‘ணங் ணங்’ என்றது. மூக்கில்லாத கிளியும் துதிக்கையில்லாத யானையுமாக வந்துகொண்டே இருந்தன. எட்டடி போக வேண்டிய குழியை ஐந்தடியோடு நிறுத்தி, குழாயையும் ஐந்தடிக்கு வெட்டி இறக்கினாள். கரி, உப்பு எல்லாம் முறைப்படி போட்டு, வந்த சில்லையே தள்ளி மூடினாள். அப்போது ஐப்பசி மழை. பூமியெல்லாம் ஈரம். பல்பு பளிச்சென்று எரிந்தது.

வெயில் காலம் வந்தால் அந்த ஈரம் எங்கே நிற்கும்? மிச்சம் இருப்பது வெறும் பீங்கான். பீங்கான் கரண்டைக் கடத்தாது என்று உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் பானுமதிக்குத் தெரிய வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருஷம் அதே தொழிற்பேட்டையில் அவள் செய்தது பியூஸ் கட்டை. கரண்ட் கையில் ஏறாமல் தடுப்பதற்கென்றே செய்கிற பீங்கான் அது. கரண்ட் இறங்க வேண்டிய குழியில் கரண்டைத் தடுக்கிற சாமானைக் கொட்டி மூடிவிட்டு வந்திருக்கிறாள். இந்தத் தப்பை வேறு எந்த ஊர்க்காரியாலும் செய்திருக்க முடியாது.

போன மாசம் திரௌபதி, “வாஷிங் மிஷினைத் தொட்டா சுருக்குனு எறும்பு கடிக்குது பானு” என்று சொன்னபோது, “செருப்பு போட்டுக்கிட்டுத் தொடுங்கக்கா” என்று இவள் பதில் சொன்னாள். அதை நினைத்து பஸ்ஸில் தன் வாயில் தானே அடித்துக்கொண்டாள். பக்கத்து சீட்டு அம்மாள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். அடுத்த வாரம் திரௌபதியின் மகள் பிரசவத்துக்கு வருகிறாள். அதற்காகவே குளியலறையில் கீசர் மாட்டித் தரச் சொல்லியிருந்தாள் திரௌபதி.

பஸ்ஸை விட்டு இறங்கி நேராகப் பிரபாகரன் கடைக்குப் போனாள். எல்லாவற்றையும் சொல்லி, “எர்த் டெஸ்டர் குடுங்கண்ணே” என்றாள்.

பிரபாகரனிடம் டெஸ்டர் இருந்தது. லைசென்ஸ் வேண்டுமென்றால் அந்தக் கருவி கையில் இருந்தாக வேண்டும். கெடு வரும்போதெல்லாம் சரிபார்க்க அனுப்பி, சீட்டு வாங்கி, திரும்பப் பெட்டியில் வைத்துவிடுவார். அதை வைத்து ஒரு குழியைக்கூட அளந்ததில்லை. ஆயுத பூஜைக்கு மட்டும் பொட்டு வைப்பார்.

“ஏம்மா, நல்லா யோசிச்சியா?” அவர் குரல் இறங்கிவிட்டது. “அந்த ரிப்போர்ட்டுல எர்த் இவ்வளவு ஓம்ஸுன்னு நம்பரு போட்டுக் கையெழுத்து வச்சிருக்கேன். பாக்காமதான் வச்சேன். அந்தம்மா ஆபீசுல போய் ஒரு வார்த்தை சொன்னா என் லைசென்ஸ் போவும், ஆனந்தராஜ் சர்டிபிகேட்டு போவும். நீ எழுதுன பரீட்சையும் போவும். உனக்குக் கடுதாசி குடுத்ததே நாந்தான். ரிசல்ட் வர ரெண்டு மாசம். அதுவரைக்கும் கீசரை மட்டும் தள்ளிப் போடு.”

“மிஷினு இப்பவே கடிக்குதுண்ணே. மாசமா இருக்கிற பொண்ணு வருது.”

பிரபாகரன் கல்லாப் பெட்டியைப் பூட்டினார். பிறகு எழுந்து போய் டெஸ்டரை எடுத்து வந்து மேசைமேல் வைத்தார்.

வீட்டில்தான் பெரிய சண்டை. ஆனந்தராஜுக்கு முதலில் வந்தது கோபம். “ஆறு வருசம் பீங்கான்ல கெடந்தவ, உனக்குத் தெரியாதா?” என்றார்.

“எனக்குத் தெரியல, சரி. நீங்க அங்க உக்காந்துக்கிட்டு இன்னா பண்ணீங்க? ராசிபலன் பாத்தீங்களா?”

அவள் சொன்னது அவருக்கு எங்கே தைத்தது என்று அவளுக்கும் தெரியும். ஏணி ஏற முடியாத மனிதருக்குக் கண் இருந்தது, வாய் இருந்தது. ஐந்தடியில் நிறுத்தாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள்மேல் இருந்த நம்பிக்கையில் பார்க்காமல் விட்டார். பிரபாகரன் இவர்மேல் இருந்த நம்பிக்கையில் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். இப்படி ஒருவரை ஒருவர் நம்பியே திரௌபதி வீட்டை இந்த நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

காலையில் அவள் மொபெட்டை வெளியே எடுத்தபோது ஆனந்தராஜ் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். டெஸ்டர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினார்.

திரௌபதி கடையைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு வந்திருந்தாள். கீசர் மாட்டத்தான் வந்திருக்கிறார்கள் என்று அவளுக்கு நினைப்பு. பானுமதி பூமியில் கம்பிகளை அடித்து, ஒயரை மாட்டி, டெஸ்டரைப் பார்த்தாள். ஐந்துக்குள் இருக்க வேண்டிய எண் இருநூற்றுப் பத்தில் நின்றது. ஒருவேளை தப்பாக மாட்டிவிட்டோமோ என்று இன்னொரு தடவை பார்த்தாள். இருநூற்றுப் பதினாலு. வாஷிங் மெஷினின் பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கடப்பாரையை எடுத்தாள்.

இடுப்பளவு குழியில் அவள் நிற்க, வெளியே உடைந்த பொம்மையும் கிண்ணமும் குவிந்துகொண்டிருந்தன. திரௌபதிக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் விளங்கியது. நாலு வருஷமாகத் தன் வீட்டில் எதைத் தொட்டாலும் அது தன்னைக் கொன்றிருக்கலாம் என்பது விளங்க அவளுக்குக் கருவி தேவைப்படவில்லை.

“எம்பொண்ணு வயித்துப் புள்ளயோட வர்றா” என்றாள். “ஈரக் கையோட எத்தினி நாளு அந்த மிஷினைத் தொட்டிருப்பேன்! யாரு பண்ண வேலை இது?”

நாற்காலியில் இருந்த ஆனந்தராஜ் ஊன்றுகோலைப் பிடித்து எழுந்தார். “ரிப்போர்ட்டு எம்பேருலதான் இருக்குதும்மா. தப்பு என்னுது. யாருகிட்ட சொல்றதா இருந்தாலும் எம்பேரையே சொல்லுங்க.”

ராத்திரி முழுக்க அவர் தூங்காமல் யோசித்து வைத்த வாக்கியம் அது. தன் சான்றிதழ் போனால் போகட்டும், அவளுடையது வந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தார். ஏழு வருஷம் அவள் உழைப்பைத் தன் பெயரில் வாங்கிக்கொண்டவர், அவள் தப்பையும் தன் பெயரிலேயே வாங்கிக்கொள்ளப் பார்த்தார். இத்தனை நாளும் சும்மா உட்கார்ந்திருந்த கூச்சம் அதில் இருந்தது. அதைவிட அதிகமாக அன்பு இருந்தது. பானுமதிக்கு அது புரிந்தது. கண் நிறைந்துவிட்டது. தலையாட்டிவிட்டுப் பேசாமல் தோண்டிக்கொண்டிருந்தால் எல்லாம் சுமுகமாக முடிந்திருக்கும்.

கடப்பாரையைச் சாய்த்து வைத்துவிட்டு அவள் நிமிர்ந்தாள்.

“அவுரு இல்லக்கா. குழி தோண்டுனது நான், அஞ்சடியில நிறுத்துனது நான், மூடுனதும் நான். அவுரு இந்த நாக்காலிய வுட்டு எந்திரிக்கவே இல்ல. இது என் வேலை.”

இதைச் சொல்லும்போது அவளுக்கே உடம்பு சிலிர்த்தது. இந்த மூன்று வார்த்தையை வெளி ஆள் முன்னால் அவள் வாயால் சொன்னது இதுதான் முதல் தடவை. சொல்லக் கிடைத்ததோ இப்படிப்பட்ட வேலை. ஆனந்தராஜ் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை.

திரௌபதி அவளை முறைத்துக்கொண்டு நின்றாள். “பரீட்ச எழுதியிருக்கேன்னு சொன்னியே. நான் போய் ஆபீசுல சொன்னா உனக்குக் கெடைக்குமா?”

“கெடைக்காதுக்கா.”

“சொல்லுவேன்டி.”

“சொல்லுங்கக்கா. இந்த நகருல நான் பண்ண வூடு இன்னும் பத்து இருக்குது. அங்கயும் நான் போயிச் சொல்லணும்.”

திரௌபதி தலையில் கை வைத்துக்கொண்டு அந்தச் சில்லுக் குவியலின் ஓரத்திலேயே உட்கார்ந்தாள். கோபமாக இருந்தாள், பயந்தும் இருந்தாள். ஆனால் வேறு எதையோ யோசிக்கிற மாதிரி குழியில் நின்றவளையும் நாற்காலியில் இருந்தவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அப்ப, ஆனந்தராஜ் மாதிரி சுத்தமா வேலை செய்ய ஆளே கெடையாதுன்னு கடைக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் நாலு வருசமா சொல்லிக்கிட்டிருந்தனே,” என்றாள், “அது?”

பானுமதி புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“அதுவும் நாந்தான்க்கா.”